கடல் கொடுத்த கல்வி

நுழையும்முன்

அயல்நாடு சென்று பயிலும் மாணவர்க்கு இன்று கடவுச்சீட்டு உண்டு, உதவித்தொகை உண்டு, படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்னும் உறுதியும் உண்டு. அயல்மண்ணை மிதித்தவன் தாய்நாடு திரும்பினால் அவன் உயிர்க்கே உறுதியில்லை என்றிருந்த காலத்தில், ஜப்பானிய மீனவச் சிறுவன் ஒருவன் அமெரிக்கப் பள்ளியொன்றின் மாணவனானான். பின்னாளில் நாக்காஹாமா மஞ்சிரோ எனப் புகழ்பெற்ற அவரது வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

மீனவச் சிறுவன்

ஜப்பானின் பெருந்தீவுகள் நான்கனுள் ஒன்று ஷிக்கோக்கு. அதன் தென்கோடியில், பசிபிக் பெருங்கடலை நோக்கியிருந்த டோசா நாட்டுக் கடற்கரைச் சிற்றூர் நாக்கானோஹாமா. அவ்வூரில் 1827ஆம் ஆண்டு ஏழை மீனவக் குடும்பமொன்றில் மஞ்சிரோ பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பில் பெரும்பங்கு இரண்டாம் மகனான மஞ்சிரோவின் தோள்களில் விழுந்தது. பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு வறுமையிற் பிறந்த அச்சிறுவருக்கு வாய்க்கவில்லை. தாய்மொழியைப் பேச அறிவார்; எழுத அறியார்.

1841ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், தம் பதினான்காம் வயதில், வேறு நால்வரோடு சிறு படகொன்றில் மீன்பிடிக்கச் சென்றார். அந்நால்வருள் மூவர் உடன்பிறந்தோர். மூத்தவர் பிற்காலத்தில் டென்ஸோ என அழைக்கப்பெற்றார். இளையோர் ஜூசுக்கே, கோயெமோன் என்போர். மற்றொருவர் பெயர் டோராயெமோன். திடீரென வீசிய புயல் படகின் துடுப்புகளைப் பறித்தது. கடல் நீரோட்டம் கரை தெரியாத் தொலைவிற்கு இழுத்துச் சென்றது. பலநாள் அலைந்தபின் அவர்கள் டோரிஷிமா என்னும் ஆளில்லாத் தீவில் ஒதுங்கினர். டோக்கியோவிற்குத் தெற்கே ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவில் உள்ள எரிமலைத் தீவு அது. கரையேறும்போது படகு பாறையில் மோதிச் சிதைந்தது. ஜூசுக்கேயின் கால் முறிந்தது.

அத்தீவில் அவர்கள் 143 நாள்கள் உயிர்வாழ்ந்தனர். ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவைகள் அங்குக் கூட்டங்கூட்டமாகத் தங்கியிருந்தன. அவற்றின் இறைச்சியே உணவு. பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரே குடிநீர். குகையொன்று வீடாயிற்று. வேனில் நெருங்கியதும் பறவைகள் தீவைவிட்டு நீங்கத் தொடங்கின. இனி உண்ண எதுவுமில்லை என்னும் நிலையில், ஜூன் 27ஆம் நாள், ஆமை தேடிக் கரைக்கு வந்த படகொன்று அவர்களைக் கண்டது. அது ஜான் ஹவுலண்டு என்னும் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலைச் சேர்ந்தது. அதன் தலைவர் வில்லியம் விட்ஃபீல்டு. அவர் ஐவரையும் கப்பலில் ஏற்றி உணவும் உடையும் அளித்தார்.

அடைத்த கதவு

மீட்டவர் அவர்களை நேரே ஊரில் கொண்டுபோய் விட்டிருக்கலாகாதா என்னும் வினா எழலாம். ஜப்பான் அக்காலத்தில் தன் கதவுகளை உலகிற்கு அடைத்திருந்தது. இருநூறு ஆண்டுகளாக நிலவிய ஆணைப்படி எந்த ஜப்பானியரும் நாட்டைவிட்டு வெளியேறலாகாது. வெளியேறியவர் திரும்பினால் மரணதண்டனைக்கு ஆளாகலாம். நாகசாகித் துறைமுகத்தில் டச்சுக்காரரும் சீனரும் மட்டும், அதுவும் கடுங்காவலில், வணிகம் செய்ய ஒப்புதல் பெற்றிருந்தனர். பிறநாட்டுக் கப்பல் கரையை நெருங்கினால் பீரங்கி முழங்கும். புயலில் சிக்கியோர் செய்த குற்றம் யாது என அச்சட்டம் கேட்கவில்லை.

ஆதலால் விட்ஃபீல்டு தம் வேட்டையைத் தொடர்ந்து, அவ்வாண்டு நவம்பரில் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுத் துறைமுகத்தில் அவர்களை இறக்கினார். இடைப்பட்ட சில மாதங்களில் இளைஞர் மஞ்சிரோ கப்பலின் செல்லப்பிள்ளையாகிவிட்டார். ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றார். பாய்மரத்தின் உச்சியில் ஏறித் திமிங்கிலம் தேடும் பணியில் பங்குகொண்டார். மாலுமிகள் கப்பலின் பெயரிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அவரை ஜான் மங் என அழைத்தனர். சிறுவரின் கூர்த்த அறிவைக் கண்ட கப்பல் தலைவர், அவரைத் தம் ஊருக்கு அழைத்துச் சென்று கல்வி கற்பிக்க விரும்பினார். குழுவின் மூத்தவராகிய டென்ஸோ தயக்கத்தோடு இசைந்தார். நால்வரும் ஹொனலூலுவில் தங்க, மஞ்சிரோ மட்டும் மீண்டும் கப்பலேறினார்.

ஃபேர்ஹேவனில் மூன்றாண்டுகள்

1843ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் ஜான் ஹவுலண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டுத் துறைமுகத்தை அடைந்தது. அக்காலத்தில் திமிங்கில வேட்டையின் தலைநகரெனத்தக்க துறைமுகம் அது. ஆற்றின் எதிர்க்கரையில் இருந்தது விட்ஃபீல்டின் ஊராகிய ஃபேர்ஹேவன். மஞ்சிரோவுக்கு அப்போது வயது பதினாறு.

மஞ்சிரோவின் வரலாற்றைக் கூறுவோர் பிற்கால அரசியல் நிகழ்ச்சிகளையே விரித்துரைப்பர். எனினும், ஃபேர்ஹேவனில் கழிந்த மூன்றாண்டுகளே அவரை உருவாக்கியவை. அவற்றைச் சற்றே நின்று காண்பது தகும்.

விட்ஃபீல்டு மனைவியை இழந்தவர். மறுமணம் செய்துகொள்ள வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. அதனால் சிறுவரைத் தம் நண்பரின் இல்லத்தில் விட்டுச் சென்றார். அருகில் வாழ்ந்த ஆசிரியை ஜேன் ஆலன் அவருக்குத் தனியே பாடம் கற்பித்தார். பின்னர் ஊரின் கற்கட்டடப் பள்ளியில் மஞ்சிரோ சேர்க்கப்பட்டார். தம்மைவிட வயதிற் சிறிய பிள்ளைகளோடு அமர்ந்து ஆங்கில அரிச்சுவடி பயில வேண்டியிருந்தது. கடலில் திமிங்கிலத்தைத் துரத்தியவர் ஈண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் தம் வாழ்நாளில் முதன்முதலாக எழுதக் கற்ற எழுத்து ஆங்கில எழுத்தே என்பது எண்ணத்தக்கது. தாய்மொழியின் எழுத்தைப் பழகுமுன்னரே பிறிதொரு மொழியின் எழுத்து அவர் கைக்கு வந்தது.

பழக வேண்டியவை எழுத்து மட்டுமல்ல. பாயில் அமர்ந்தவர் நாற்காலியில் அமர்ந்தார். சோறும் மீனும் உண்டவர் ரொட்டியும் இறைச்சியும் உண்டார். தலையைக் குனிந்து வணங்கியவர் கைகுலுக்கக் கற்றார். டோசாவில் மீனவர் ஒருவர் வீரர்குலத்தாரை எதிர்ப்பட்டால் வழிவிட்டு நிலத்தில் பணிய வேண்டும். ஃபேர்ஹேவனில் கப்பல் தலைவரும் அவருடைய மாலுமியும் தெருவில் நின்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டனர். நாட்டின் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர் என்னும் செய்தியையும் அவர் அங்கேதான் அறிந்தார். இச்செய்தி அவர் உள்ளத்தில் எத்துணை ஆழப் பதிந்தது என்பது, தாய்நாடு திரும்பியபின் அவர் அளித்த வாக்குமூலங்களால் விளங்கும்.

அந்நாடு வேற்றுமை பாராட்டாத நாடு எனக் கொள்ளுதல் பிழை. ஞாயிற்றுக்கிழமைகளில் விட்ஃபீல்டு மஞ்சிரோவைத் தம் குடும்பத்தாரோடு தேவாலயத்திற்கு அழைத்துச் சென்றார். வெள்ளையர் வரிசையில் அச்சிறுவர் அமரலாகாது, கறுப்பினத்தார்க்கென ஒதுக்கிய இடத்திலேயே அமர வேண்டும் என அத்தேவாலயத்தார் கூறினர். விட்ஃபீல்டு வாதிட்டுக்கொண்டு நிற்கவில்லை. அத்தேவாலயத்தை விட்டே விலகினார். இறுதியில் யூனிடேரியன் பிரிவைச் சார்ந்த தேவாலயம் சிறுவரை ஏற்றுக்கொண்டது. அன்று முதல் அக்குடும்பம் அதன் உறுப்பினராயிற்று. தான் வளர்த்த பிள்ளைக்காகத் தன் சுற்றத்தார் வழிபடும் இடத்தைத் துறப்பது சிற்றூரில் வாழ்வோர்க்கு எளிய செயலன்று.

விட்ஃபீல்டும் அவர் மனைவி ஆல்பர்டினாவும் ஊர்ப்புறத்தே ஸ்கான்டிகட் நெக் என்னும் இடத்தில் பண்ணையொன்றை வாங்கிக் குடியேறினர். மஞ்சிரோ அங்கே பண்ணை வேலைகளில் உதவினார், குதிரையேறப் பழகினார், அருகிலிருந்த பள்ளிக்குச் சென்றார். 1844ஆம் ஆண்டு விட்ஃபீல்டு மீண்டும் கடலுக்குச் சென்றபோது, அவருடைய மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் துணையாய் வீட்டில் இருந்தவர் மஞ்சிரோவே.

அக்காலத்தில்தான் பார்ட்லெட் கல்விக்கூடத்தில் அவர் சேர்ந்தார். கணிதம், நில அளவை, கப்பல் செலுத்தும் கலை ஆகியவை அங்குக் கற்பிக்கப்பட்டன. கப்பல் செலுத்தும் கலைக்குப் பாடநூலாக விளங்கியது நத்தேனியல் பௌடிட்ச் இயற்றிய பெருநூல். கதிரவனும் விண்மீன்களும் அடிவானத்திற்கு மேல் எவ்வளவு உயரத்தில் உள்ளன என்பதைக் கருவியால் அளந்து, அட்டவணைகளின் துணைகொண்டு கணக்கிட்டு, நடுக்கடலில் கப்பல் நிற்கும் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் காணும் முறையை அந்நூல் கற்பித்தது. துடுப்பிழந்த படகில், தாம் எங்கிருக்கிறோம் என்பதே அறியாமல் அலைந்த சிறுவருக்கு இக்கணக்கின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. அவர் வகுப்பின் சிறந்த மாணவருள் ஒருவராகத் திகழ்ந்தார்.

படிப்போடு தொழிலொன்றும் கைவர வேண்டும் எனக் கருதி, திமிங்கில எண்ணெய்ப் பீப்பாய் செய்பவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே உணவு போதாமையால் உடல்நலம் குன்றி வீடு திரும்ப நேர்ந்தது. ஆல்பர்டினா அவரைப் பேணி உடல் தேற்றினார். நலம் பெற்றதும் மஞ்சிரோ மீண்டும் சென்று தொழிலைக் கற்று முடித்தார்.

மொழி மறந்த மைந்தன்

1846ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், ஃபிராங்க்ளின் என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலில் மஞ்சிரோ பணியில் சேர்ந்தார். மறு ஆண்டு குவாம் தீவிலிருந்து விட்ஃபீல்டுக்கு மடல் எழுதினார். ஜப்பானுக்கு அண்மையிலுள்ள ரியூக்கியூத் தீவுகளை அடைய முயல்வதாகவும், வேட்டைக் கப்பல்கள் உணவும் நீரும் பெறத்தக்க துறைமுகமொன்றைத் திறக்கச் செய்வதே தம் விருப்பம் என்றும் அதில் தெரிவித்திருந்தார். ஓர் இளம் மாலுமியின் கனவு அது. ஆறாண்டுகள் கழித்து ஓர் அரசு தன் போர்க்கப்பல்களை அனுப்பிக் கேட்டதும் அதனையொத்ததே.

அப்பயணத்தின்போது வடகிழக்கு ஜப்பானுக்கு அப்பால் மீன்பிடிப் படகுகள் பல எதிர்ப்பட்டன. மஞ்சிரோ ஆவலோடு அவற்றை நெருங்கினார்; பேசினார். அவர் பேச்சு அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் பேச்சு அவருக்கு விளங்கவில்லை. வட்டார வழக்கு வேறு என்பது ஒரு காரணம். ஆறாண்டுகளாகத் தாய்மொழி பேசாத நாக்கு தடுமாறியது மற்றொரு காரணம். தம் நாட்டவரைக் கண்டும் ஊர் திரும்ப வழிகேட்க இயலாமல் கப்பலுக்கு மீண்டார்.

ஃபிராங்க்ளினின் தலைவர் மனநலம் குன்றியதால் மணிலாவில் இறக்கிவிடப்பட்டார். அதன்பின் பொறுப்புகளை மாற்றியமைத்தபோது, மாலுமிகள் மஞ்சிரோவை உயர்பணிக்குத் தேர்ந்தெடுத்தனர். இடையில் ஹொனலூலுவில் தோழர்களைக் கண்டார். கால் முறிந்த ஜூசுக்கே இறந்துவிட்டார் என்னும் செய்தி அங்கே காத்திருந்தது.

1849ஆம் ஆண்டு ஃபேர்ஹேவன் திரும்பியபோது, வேட்டையில் அவருக்குக் கிடைத்த பங்கு ஏறத்தாழ 350 டாலர். தாய்நாடு திரும்ப அது போதாது. கலிபோர்னியாவில் பொன் கிடைப்பதாக உலகமே பேசிக்கொண்டிருந்த ஆண்டு அது. மஞ்சிரோ அங்குச் சென்று, 1850ஆம் ஆண்டில் சில மாதங்கள் சுரங்கத்தில் உழைத்து ஏறத்தாழ 600 டாலர் ஈட்டினார். பலர் பொன்வெறியால் அங்கேயே அழிந்தனர். அவரோ வேண்டிய தொகை சேர்ந்ததும் ஹொனலூலுவுக்குக் கப்பலேறினார்.

அங்கே, சாமுவேல் டேமன் என்னும் சமயப் பணியாளரின் துணையோடு சிறு படகொன்றை வாங்கினார். டென்ஸோவும் கோயெமோனும் உடன்வர இசைந்தனர், டோராயெமோன் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததில் வியப்பில்லை. திரும்புவோரை எதிர்நோக்கியிருந்தது சிறையோ சாவோ எவரும் அறியார். புறப்படுமுன் மஞ்சிரோ விட்ஃபீல்டுக்கு விடைபெறும் மடல் எழுதினார். சிறுவனாக இருந்த தம்மை ஆளாக்கிய அன்பை என்றும் மறவேன் எனவும், கைம்மாறு ஏதும் செய்யாமல் பிரிவதற்கு வருந்துவதாகவும் அதில் தெரிவித்தார்.

திரும்பிய மகன்

1851ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஷாங்காய் நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து நடுக்கடலில் தம் படகை இறக்கி, மூவரும் ரியூக்கியூவின் ஓக்கினாவாத் தீவில் கரையேறினர். உடனே காவலில் வைக்கப்பட்டனர். தொடர்ந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் விசாரணை நடந்தது. ஓக்கினாவாவில் ஏறத்தாழ அரையாண்டு, பின்னர் சத்சுமா நாட்டில், அதன்பின் நாகசாகியில். சத்சுமாவின் தலைவர் ஷிமாசு நாரியாக்கிரா அறிவார்வம் மிக்கவர். அவர் மஞ்சிரோவைக் கைதியாக நடத்தாமல் மேலைநாட்டுக் கப்பற் கட்டுமானம் பற்றி வினவித் தெரிந்துகொண்டார். நாகசாகியில் நிலைமை வேறு. அங்கே பலமுறை குறுக்குவிசாரணை செய்தனர், உடைமைகளைக் கைப்பற்றினர், கிறித்தவ சமயத்தைத் தழுவவில்லை என மெய்ப்பிக்க, கிறித்தவத் திருவுருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதிக்கச் செய்தனர்.

தம்மை ஏற்றுக்கொண்ட தேவாலயத்தில் மூன்றாண்டுகள் அமர்ந்திருந்த அவருக்கு அக்கணம் எத்தகையதாய் இருந்திருக்கும்? உயிர் பிழைத்துத் தாயைக் காண வேண்டுமெனின் வேறு வழியில்லை. மஞ்சிரோ மிதித்தார்.

சொந்த நாடாகிய டோசாவிலும் விசாரணை தொடர்ந்தது. அவருடைய ஜப்பானிய மொழி அப்போது தட்டுத்தடுமாறியே வந்தது. கவாடா ஷோரியோ என்னும் ஓவிய அறிஞர் அவரைத் தம் இல்லத்தில் தங்கவைத்து, ஜப்பானிய மொழியைப் புதுப்பித்துக்கொள்ள உதவினார். அவரிடமிருந்து ஆங்கிலமும் கற்றார். மஞ்சிரோ கூறியவற்றையெல்லாம் ஓவியங்களோடு நூலாக எழுதினார். புகைவண்டி, தந்தி, நீராவிக் கப்பல், மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சி ஆகியவற்றைப் பற்றிய செய்திகள் ஜப்பானியரைச் சென்றடைய அந்நூலும் ஒரு வழியாயிற்று.

1852ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மஞ்சிரோ நாக்கானோஹாமாவின் மண்ணை மிதித்தார். பதினான்கு வயதில் சென்ற மகன் இருபத்தைந்து வயதில் வந்து நின்றார். இறந்தான் என ஊரார் கருதிவிட்ட பிள்ளையைத் தாய் கண்ணாரக் கண்டார். அம்மகிழ்ச்சி சில நாள்களே நீடித்தது. டோசாவின் ஆட்சியாளர் அவரை அழைத்து, வீரர்குலத்தின் கீழ்ப்படிநிலையில் சேர்த்து, கோச்சி நகரில் கற்பிக்குமாறு பணித்தனர்.

இரு நாடுகளுக்கிடையே

1853ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கத் தளபதி மாத்யூ பெர்ரி நான்கு போர்க்கப்பல்களுடன் ஜப்பானியக் கடற்கரையில் வந்து நின்றார். நாட்டைத் திறக்குமாறு கேட்டார். அமெரிக்காவை அறிந்தவர் எவர் எனத் தேடிய ஆட்சியாளர்க்கு நினைவில் வந்தவர் மஞ்சிரோ. எடோ நகருக்கு அழைக்கப்பட்டு, நடுவண் ஆட்சியின் நேர்ப்பணியாளராக உயர்த்தப்பட்டார். குடும்பப் பெயர் சூடும் உரிமையற்ற மீனவர் மகன், ஊர்ப்பெயரின் நினைவாக நாக்காஹாமா என்னும் பெயரைச் சூடினார். சட்டப்படி சாவுக்குரியவராக இருந்தவர் ஈராண்டுகளில் அரசின் அறிவுரைஞரானார்.

எனினும், மறு ஆண்டு நடந்த பேச்சுவார்த்தையில் அவரை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தவில்லை. வளர்த்த நாட்டின்பால் அவர் பரிவு காட்டக்கூடும் எனச் செல்வாக்கு மிக்கோர் ஐயுற்றனர். ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் நகரிலேயே இருக்க, ஒப்பந்தம் டச்சு மொழியின் வழியாகவும் சீன மொழியின் வழியாகவும் சுற்றிச் சுற்றிப் பேசப்பட்டது. திரைக்குப் பின்னே மஞ்சிரோ கூறிய செய்திகள் மட்டும் பயன்பட்டன: கரைசேரும் மாலுமிகளை அன்போடு நடத்த வேண்டும் என்பதே அமெரிக்கர் நெடுநாள் விழைந்தது, நாட்டைக் கைப்பற்றுவது அவர் நோக்கமன்று என அவர் எடுத்துரைத்தார். 1854ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஷிமோடா, ஹக்கோடாத்தே ஆகிய இரு துறைமுகங்கள் திறக்கப்பட்டன.

பார்ட்லெட் கல்விக்கூடத்தில் தாம் பயின்ற பௌடிட்சின் நூலை மஞ்சிரோ ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். 1859ஆம் ஆண்டு ஆங்கில உரையாடல் நூலொன்றை வெளியிட்டார். அதில் ஒலிப்பு முறை ஏடுகளின்வழி வந்ததன்று. தம் செவி கேட்டவாறே எழுதப்பட்டது.

1860ஆம் ஆண்டு கன்ரின் மாரு என்னும் ஜப்பானியப் போர்க்கப்பல் பசிபிக் கடலைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ சென்றது. மஞ்சிரோ அதில் மொழிபெயர்ப்பாளர். வழியெங்கும் புயல். கப்பல் தலைவர் கட்சு கைஷூ உள்ளிட்ட பெரும்பாலோர் கடல்நோயால் படுத்துவிட்டனர். உடன்வந்த ஜான் புரூக் என்னும் அமெரிக்க அலுவலரும் அவருடைய மாலுமிகளும் மஞ்சிரோவுமே கப்பலைச் செலுத்தினர். சான் பிரான்சிஸ்கோவில், பின்னாளில் ஜப்பானின் பெருங்கல்வியாளராகப் போற்றப்பெற்ற ஃபுக்குசாவா யுக்கிச்சியும் மஞ்சிரோவும் வெப்ஸ்டர் அகராதியின் படிகளை வாங்கினர். திரும்பும் வழியில் ஹவாயிலிருந்து விட்ஃபீல்டுக்கு மடல் எழுதினார். பத்தாண்டு மௌனத்திற்குப் பின் எழுதிய மடல் அது. துறைமுகங்கள் இப்போது எல்லா நாட்டார்க்கும் திறந்துள்ளன. தங்களை என் இல்லத்திற்கே அழைத்துச் செல்வேன் என்னும் கருத்தை அதில் தெரிவித்திருந்தார்.

1869ஆம் ஆண்டு, டோக்கியோ பல்கலைக்கழகத்தின் முன்னோடியாகிய கல்விநிலையத்தில் பேராசிரியராக அமர்ந்தார். அடுத்த ஆண்டு பிரான்சு–பிரஷ்யா போரை நேரிற் காண அரசு அனுப்பிய குழுவில் ஒருவராகப் புறப்பட்டு அமெரிக்கா வழியாகச் சென்றார். நியூயார்க்கில் கிடைத்த சிறு இடைவெளியில் ஃபேர்ஹேவனுக்கு விரைந்தார். இருபத்தோராண்டுகளுக்குப் பின் விட்ஃபீல்டின் வீட்டுக் கதவு அவருக்காகத் திறந்தது. முதுமையுற்ற தலைவரும் நடுவயதுற்ற மாணவரும் சந்தித்தது அதுவே இறுதி. லண்டனை அடைந்த மஞ்சிரோ கால்புண்ணால் வருந்தி, போர்க்களம் காணாமலே நாடு திரும்பினார். நாளடைவில் உடல்நலம் குன்றி, பொதுவாழ்விலிருந்து ஒதுங்கி வாழ்ந்தார். விட்ஃபீல்டு 1886ஆம் ஆண்டிலும், மஞ்சிரோ 1898ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாளும் மறைந்தனர்.

1918ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்க விடுதலைத் திருநாளன்று, மஞ்சிரோவின் மகனாகிய மருத்துவர் டோயிச்சிரோ தம் குடும்பத்தின் சார்பில் சாமுராய் வாளொன்றை ஃபேர்ஹேவன் மக்களுக்கு அன்பளிப்பாக வழங்கினார். ஜப்பானியத் தூதரே அதனை நேரிற் கொணர்ந்து ஒப்படைத்தார். 1933ஆம் ஆண்டு, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் டோயிச்சிரோவுக்கு மடலொன்று எழுதினார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் டெலானோ ஃபேர்ஹேவனைச் சார்ந்தவர். அவ்வூர்ப் பள்ளியில் படித்துத் தம் குடும்பத்தோடு தேவாலயத்திற்கும் வந்த ஜப்பானியச் சிறுவரைப் பற்றிப் பாட்டனார் கூறக் கேட்ட கதைகளை அதில் ரூஸ்வெல்ட் நினைவுகூர்ந்தார்.

1987ஆம் ஆண்டு ஃபேர்ஹேவனும், நாக்கானோஹாமா அடங்கிய டோசாஷிமிசு நகரும் உடன்பிறப்பு நகரங்களாயின. விட்ஃபீல்டின் பழைய இல்லம் சிதைவுற்ற நிலையில் விற்பனைக்கு வந்தபோது, ஜப்பானிய மக்கள் பொருள் திரட்டி அதனை வாங்கிச் செப்பனிட்டு ஃபேர்ஹேவனுக்கே அளித்தனர். 2009ஆம் ஆண்டு முதல் அவ்வீடு காட்சியகமாகத் திகழ்கிறது. மஞ்சிரோ தங்கிய அறையையும் அவர் பயின்ற கற்கட்டடப் பள்ளியையும் காண டோசாஷிமிசுவின் மாணவர்கள் அங்கு வருகின்றனர்.